அப்பப்பாவும் மொறிஸ் மைனரும்

என் அப்பப்பா யாழ்ப்பாணத்தில் மெக்கானிக்காக இருந்தவர். இப்போது எங்களோடு லூயிஷாமில் இருக்கிறார். அவருக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான் தெரியும்.

பக்கத்து வீட்டு மாமாவிடம் ஒரு மொறிஸ் மைனர் கார் உண்டு. அந்தக் கார்களை 1948 முதல் 1971 வரை இங்கிலாந்தில் செய்தார்கள். இலங்கையிலும் அவை நிறைய ஓடின. 1990களில் போர் நடந்தபோது, யாழ்ப்பாணத்தில் பெட்ரோல் கிடைப்பது மிகவும் கஷ்டம்.

"நாங்கள் மண்ணெண்ணெயிலதான் கார் ஓட்டினனாங்கள். உழவு மெஷினும் திருத்த வரும். அது நிண்டுட்டால் வயல் உழ ஏலாது," என்று அப்பப்பா சொல்வார்.

போன கோடையில் மாமாவின் கார் பின்னால் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. அப்பப்பா குனிந்து பார்த்தார்.

"வில்லுத் தகடு ஒண்டு முறிஞ்சு போச்சு. அவரிட்டச் சொல்லு, பிள்ளை."

நீளமான இரும்புத் தகடுகளை அடுக்கிச் செய்ததுதான் அந்த வில்லு. சக்கரம் பள்ளத்தில் விழும்போது அது வளைந்து கொடுக்கும். அதனால் காருக்குள் குலுக்கம் குறையும்.

மாமா ஜக் வைத்துக் காரை உயர்த்தினார். உடனே கீழே போகப் பார்த்தார்.

"நில்லுங்கோ! ஜக் மட்டும் காணாது. கீழ தாங்கி வைக்கச் சொல்லு. கார் விழுந்தால் ஆள் தப்பாது!"

நான் அதை வேகமாக ஆங்கிலத்தில் சொன்னேன். மாமா அப்படியே நின்றார். பிறகு இரண்டு பக்கமும் தாங்கி வைத்தார்.

புது வில்லுப் பூட்ட இரண்டு நாள் எடுத்தது. அப்பப்பா தமிழில் சொன்னார். நான் ஆங்கிலத்தில் சொன்னேன். மாமா வேலை செய்தார். இப்போது கார் நேராக நிற்கிறது.

காரில் ஏதாவது சத்தம் கேட்டால், மாமா முதலில் என்னைத்தான் கூப்பிடுகிறார்.