குடத்துல மொண்டு வச்ச நிரல்

பி.காம் படிச்ச வங்கிக்காரனுக்கு மென்பொருள் பத்தி என்ன பேச்சுன்னு கேப்பீங்க. கேளுங்க, தப்பில்லை. ஆனா நான் சொல்ல வர்றது நிரல் எழுதுற விஷயம் இல்லை, கணக்கு எழுதுற விஷயம். :-)

திறமூல மென்பொருள் செய்யறவங்க எல்லாத்தையும் தாங்களே எழுதறதில்லை. கோப்பைச் சுருக்கணுமா, யாரோ ஏற்கனவே எழுதிக் கொடுத்த நிரல் இருக்கு. அதை எடுத்துத் தங்களோட பொதியிலயே சேர்த்துக் கட்டி வெளியிடுவாங்க. நிரல் கிளம்பி வர்ற மூலத் திட்டத்துக்கு 'அப்ஸ்ட்ரீம்'னு பேர். நம்ம பாஷையில தலைமடை. சொந்த ஊர் திருத்துறைப்பூண்டி, அதாவது கடைமடை. பிழைப்பு ஸ்ரீரங்கப்பட்டணத்துல, காவிரிக்கு மேல்பக்கம். அதனால இந்த வார்த்தை எனக்கு உடனே புரிஞ்சுது.

சேர்த்துக் கட்டறதுங்கறது ஆத்துத் தண்ணியைக் குடத்துல மொண்டு வச்சுக்கற மாதிரி. சௌகரியம்தான். இ-கலப்பையோட ஆரம்பப் பதிப்புகள்ல டவுல்ட்சாஃப்ட் கீமேனையும் தமிழ் விசைப்பலகையையும் ஒண்ணா கட்டித்தான் கொடுத்தாங்க. கீமேன் அப்போ திறமூலம் இல்லை, ஆனா ஒரே நிறுவல்ல வேலை முடிஞ்சுது. தனித்தனியா தேடி நிறுவணும்னு இருந்திருந்தா எத்தனை பேர் தமிழ்ல தட்டியிருப்போம்?

சிக்கல் எங்கேன்னா, ஆறு தெளிஞ்சாலும் குடம் தெளியாது. 2002 மார்ச்சுல ஸீலிப்ங்கற சுருக்க நூலகத்துல ஒரு நினைவகக் கோளாறு வெளியில வந்துச்சு. தலைமடையில 1.1.4 பதிப்புல சரி பண்ணிட்டாங்க. ஆனா அதே நிரலை ஏகப்பட்ட மென்பொருள்கள் நகலெடுத்து உள்ளே வச்சிருந்துச்சு, லினக்ஸ் கெர்னல் உட்பட. ஒவ்வொண்ணையும் தனியா திருத்த வேண்டியதாப் போச்சு.

2021 டிசம்பர்ல லாக்4ஜே. ஒரு வரி எழுத்தை அனுப்பியே அடுத்தவங்க சர்வர்ல தன் நிரலை ஓட்டிடலாம்ங்கற அளவுக்கு ஓட்டை. திருத்தம் சீக்கிரமே வந்துடுச்சு. 2.15, 2.16, 2.17னு அந்த மாசத்துக்குள்ளேயே வரிசையா வந்துச்சு. கஷ்டம் திருத்தறதுல இல்லை, தேடறதுல. ஜார் கோப்புக்குள்ள ஜார், அதுக்குள்ள இன்னொரு ஜார். தன்கிட்ட அது இருக்குன்னே பல நிறுவனங்களுக்குத் தெரியலை.

இதுக்கு வங்கியில பழைய வைத்தியம் ஒண்ணு உண்டு. கோர் பேங்கிங் வர்றதுக்கு முன்னால, டிடியில கையெழுத்துப் போடற அதிகாரிகளோட மாதிரிக் கையெழுத்துப் புத்தகம் கிளைக்குக் கிளை இருக்கும். ஒருத்தர் ஓய்வு பெற்றா தகவல் வரும், புத்தகத்துல அடிச்சுக் குறிச்சு வைக்கணும். நகல் வச்சிருக்கறது குத்தமில்லை. எந்த நகல் எங்கே இருக்குன்னு யாருக்கும் தெரியாம இருந்தாத்தான் ஆபத்து.

லினக்ஸ் உலகத்துலயும் இதே வாதம்தான். நகல் வேண்டாம், பொதுவான ஒரே நூலகத்தைப் பயன்படுத்துங்கன்னு டெபியன் கொள்கை சொல்லுது. ஃபெடோராவும் ரொம்பக் கறாரா இருந்துச்சு. 2015ல கொஞ்சம் இறங்கி வந்து, சேர்த்துக் கட்டியே ஆகணும்னா எதைக் கட்டியிருக்கீங்கன்னு பொதியில அறிவிச்சுடுங்கன்னு மாத்திக்கிட்டாங்க. என் ஓட்டு ஃபெடோராவுக்கு. பழைய பதிப்புதான் ஒத்துவரும், நிரல்ல நாமே மாத்தம் செஞ்சிருப்போம், இப்படி நியாயமான காரணங்கள் இருக்கே.

2024 ஆகஸ்டுல செபியோட இணையப் பாதுகாப்புச் சட்டகம் இந்த உட்பொருள் பட்டியலைக் கேட்டுச்சு. அக்டோபர்ல செர்ட்-இன் அதுக்கு வழிகாட்டுதலே வெளியிட்டுச்சு. உரிமம் வேற இருக்கு. எம்ஐடி, பிஎஸ்டி உரிமங்கள் காசு கேக்காது, ஆனா எழுதினவரோட காப்புரிமை வாசகத்தை எடுக்கக் கூடாது. இலவசமா வாங்கிட்டுப் பேரையும் அழிச்சா அது என்ன நியாயம்?

தமிழ் மென்பொருள் செய்யற நண்பர்கள் பெரும்பாலும் ஒத்தை ஆளா, ராத்திரி கண் முழிச்சுச் செய்யறாங்க. அவங்ககிட்ட ஒரே ஒரு விண்ணப்பம். பொதியோட ஒரு சின்னக் கோப்பு வைங்க. எடுத்த நிரலோட பேர், பதிப்பு, எங்கிருந்து எடுத்தது, உரிமம், நீங்க செஞ்ச மாத்தம். அஞ்சே பத்திதான். நாளைக்கு நீங்க வேற வேலைக்குப் போயிட்டாலும், அடுத்து வர்றவர் அதைப் பாத்துக் குடத்துத் தண்ணியை மாத்திக்குவார்.