கயிற்றை விடும் வேளை

பாய்மரப் படகில் ‘ஷீட்’ என்று ஒரு சமாசாரம் உண்டு. படுக்கை விரிப்பை நினைத்துக்கொள்ளாதீர்கள்! பாயின் கீழ் மூலையில் கட்டி, அதை இழுக்கவும் தளர்த்தவும் பயன்படும் கயிற்றுக்குத்தான் அந்தப் பெயர். என் அண்ணன் மகள் சென்னைத் துறைமுகத்துக்குள் படகு விடப் பழகுகிறாள். அவளோடு நாலைந்து முறை போனதில் அந்தக் கயிறு எனக்கும் சிநேகமாகிவிட்டது.

காற்றுக்கு நேர் எதிரே எந்தப் பாய்மரப் படகும் போகாது. இப்படிக் கொஞ்ச தூரம், அப்படிக் கொஞ்ச தூரம் என்று கோணல்மாணலாகத்தான் முன்னேற வேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் படகின் முன்முனை காற்றைக் கடக்கும்போது, முன்பாய் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் போகும். அதனால் அந்தப் பாய்க்கு வலத்தில் ஒரு கயிறு, இடத்தில் ஒரு கயிறு. ஒன்றை விட்டு மற்றதை இழுக்க வேண்டும். “இவ்வளவுதானா?” என்கிறீர்களா? எப்போது விடுவது என்பதில்தான் சூட்சுமம்!

முன்னதாகவே விட்டால் பாய் படபடவென்று அடித்துக்கொள்ளும்; படகு வேகமிழந்து பாதித் திருப்பத்திலேயே நின்றுவிடலாம். தாமதித்தாலோ, காற்று பாயின் மறுபுறம் மோதித் தள்ளும். சின்னப் படகு கவிழ்ந்தாலும் கவிழும். திரும்புகையில் பாயின் முன் ஓரம் துடிக்கும்; கயிற்றின் இறுக்கம் கையில் குறையும். அதுதான் வேளை. “அத்தை, விடுங்கள்!” என்பாள் அவள். முழுக்க விட்டுவிட்டு, மறு கயிற்றைச் சரசரவென்று இழுக்க வேண்டும். பாயில் காற்று நிறைந்த பிறகு இழுப்பது யானையோடு மல்லுக்கு நிற்பதுதான்!

இழுத்த கயிற்றை முடிச்சுப் போடுவதில்லை. பல் வைத்த ஒரு பிடிப்பில் செருகினால் நிற்கும். வெடுக்கென்று இழுத்தால் விடுபடும். திடீரென்று பலத்த காற்று அடித்தால், அந்த ஒரு வெடுக்கில்தான் படகு நிமிர்கிறது. பெரிய படகில், கயிற்றைக் கடிகார முள் சுற்றும் திசையில் ஓர் உருளையில் மூன்று நான்கு சுற்றுச் சுற்றி, கைப்பிடியால் முறுக்குவார்கள். விரல் ஜாக்கிரதை!

2024 அக்டோபர் 2-ந் தேதி கோவாவிலிருந்து ‘தாரிணி’ என்ற 56 அடிப் பாய்மரப் படகு புறப்பட்டது. அதில் இருந்தவர்கள் இரண்டே பெண்கள்: கடற்படை அதிகாரிகளான தில்னாவும், புதுச்சேரியைச் சேர்ந்த ரூபாவும். உலகைச் சுற்றிவிட்டு 2025 மே 29-ந் தேதி கோவா திரும்பினார்கள். அந்த எட்டு மாதத்தில் இருளிலும் குளிரிலும் எத்தனை முறை கயிற்றைப் பிடித்திருப்பார்கள், எத்தனை முறை விட்டிருப்பார்கள்!

“பெண்ணைக் கடலுக்கு அனுப்புவதாவது!” என்று ஆறு மாதம் பிடிவாதமாக இருந்தவள் என் அண்ணி. உங்கள் வீட்டுப் பெண்ணும் கேட்டால், நீச்சல் தெரியுமா, உயிர்காப்பு உடுப்பு உண்டா, கூட யார் இருப்பார்கள் என்று தீர விசாரியுங்கள். எல்லாம் சரியாக இருந்தால், அம்மா, உங்கள் கையிலிருக்கும் கயிற்றையும் கொஞ்சம் விட்டுப் பாருங்களேன். எங்கள் அண்ணி விட்டாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் இப்போது கரையில் அவள்தான் முதலில் வந்து நிற்கிறாள், கையில் தயிர்சாதத்தோடு!