கேஸ்ட்ரிக்

மலேசியத் தமிழர் வீட்டில் ‘கேஸ்ட்ரிக்’ என்ற சொல்லுக்கு விளக்கம் தேவைப்படாது. ஒருவேளை சாப்பிடாவிட்டால் கேஸ்ட்ரிக். காரம் கூடினால் கேஸ்ட்ரிக். மாமியாரோடு சண்டை என்றாலும் கேஸ்ட்ரிக்தான். ஈனோவைக் கரைத்துக் குடித்து ஏப்பம் விட்டால் விஷயம் முடிந்தது. எங்கள் பாட்டி அப்படித்தான் ஐம்பது வருடம் ஓட்டினார்.

போன வருடம் பாட்டிக்குப் பாதம் மரத்துப்போனது. நடக்கும்போது தடுமாறினார். அடுப்பில் பால் வைத்ததை மறந்தார். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் “எழுபத்தெட்டு ஆச்சுல்ல, இனி அப்படித்தான்” என்றார்கள். இரத்தப் பரிசோதனையில் பி12 வைட்டமின் மிகக் குறைவாக இருந்தது. ஸ்கோப் போட்டுப் பார்த்ததில் இரைப்பையின் உள்சுவர் மெலிந்திருந்தது. அங்கே ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவும் இருந்தது. “சின்ன வயசுலயே வந்திருக்கும்மா” என்றார் டாக்டர்.

நான் ஓர் ஆலையில் பராமரிப்புப் பொறியாளர். துரு அரிக்கும் என்று தெரிந்தே குழாய்ச் சுவரைச் சில மில்லிமீட்டர் கூடுதல் தடிமனோடு வடிவமைப்பது எங்கள் துறை வழக்கம். அந்தத் தடிமன் தீரும்வரை வெளியே ஒன்றும் தெரியாது. ஒருநாள் ஒழுகும். ஒழுகிய அன்றுதான் பழுது தொடங்கியது என்று எந்தப் பொறியாளரும் எழுத மாட்டார்.

இந்தக் கிருமியின் வேலையும் அப்படித்தான். யூரியாவை உடைத்து அம்மோனியா உண்டாக்கி, சுற்றியிருக்கும் அமிலத்தை மட்டுப்படுத்திக்கொண்டு இரைப்பையின் சளிப்படலத்துக்குள் குடியேறிவிடும். பெரும்பாலும் சிறுவயதில் தொற்றும். மருந்து சாப்பிடாவிட்டால் பெரும்பாலும் ஆயுளுக்கும் கூடவே இருக்கும். பலருக்கு ஒரு தொந்தரவும் தராது. சிலருக்கு அழற்சி பல பத்தாண்டுகள் நீடித்து, அமிலம் சுரக்கும் செல்களே அழிந்துபோகும். உணவிலிருந்து பி12ஐப் பிரிக்க அமிலம் வேண்டும். அதை உடல் உறிஞ்ச, இரைப்பை சுரக்கும் ஒரு புரதமும் வேண்டும். இரண்டும் குறைந்தால் கல்லீரலில் இருக்கும் சேமிப்பு சில வருடங்களில் கரையும். அப்புறம் பாதம் மரக்கும், நினைவு தடுமாறும். சுத்த சைவம், நீரிழிவுக்கான மெட்ஃபோர்மின் என்று பி12 குறைய வேறு காரணங்களும் உண்டு. அல்சைமர், பார்கின்சன் நோய்களோடு இந்தக் கிருமிக்குத் தொடர்பு காட்டும் ஆய்வுகளும் இருக்கின்றன. ஆனால் இதுதான் காரணம் என்று நிறுவப்படவில்லை.

வயிற்றுப்புண்ணுக்கு மனக்கவலையும் காரமும்தான் காரணம் என்று மருத்துவர்களே நம்பிய காலம் ஒன்று இருந்தது. 1984இல் பெர்த் நகரில் பாரி மார்ஷல் என்ற இளம் மருத்துவர் இந்தக் கிருமியை வளர்த்துத் தானே குடித்தார். சில நாள்களில் அவருக்கு வாந்தியும் இரைப்பை அழற்சியும் வந்தன. 2005இல் அவருக்கும் ராபின் வாரனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அதற்கு முன்பே, 1994இல், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இதைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது.

நம் நாட்டில் இந்தக் கிருமி இந்தியர்களிடமும் சீனர்களிடமும் அதிகம், மலாய்க்காரர்களிடம் குறைவு. கிளந்தானில் மிகக் குறைவு. ஆனால் இரைப்பைப் புற்றுநோய் சீனர்களிடம்தான் அதிகம். இந்தியர்களிடம் கிருமி இவ்வளவு இருந்தும் அது குறைவு. கிருமியின் வகை, உணவு, மரபு என்று இதற்கு விளக்கங்கள் பல. 2009இல் வெளியான ஒரு மரபணு ஆய்வு, மலேசிய இந்தியர்களின் கிருமி சீனர்களுடையதிலிருந்து வேறுபட்டது, அதன் வேர் தெற்காசியாவில் இருக்கிறது என்று காட்டியது. கப்பல் ஏறி வந்த நம் ஆள்களின் வயிற்றில் அதுவும் ஏறி வந்திருக்கிறது.

அம்மாவுக்கும் மூச்சுப் பரிசோதனை செய்தோம். அவருக்கும் இருந்தது. பாட்டி அன்று முழுக்கச் சரியாகப் பேசவில்லை. ராத்திரி என்னிடம் கேட்டார்: “ஏன் தம்பி, நான்தான் ஒங்கம்மாவுக்குக் குடுத்துட்டேனா?”

தாயிடமிருந்து பிள்ளைக்கு இது தொற்றுவது உண்மைதான். இல்லை என்று பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஆலையில் விபத்து விசாரணையின்போது ‘ஆள் செய்த தவறு’ என்று மட்டும் எழுதினால் அறிக்கை திரும்பி வந்துவிடும். அந்த ஆளை அந்த நிலைமையில் நிறுத்தியது எது என்று கேட்பார்கள். நானும் பாட்டியிடம் பழைய கதையைக் கேட்டேன். லயத்து வீட்டில் ஒரே அறையில் ஒன்பது பேர். பத்து வீட்டுக்கு ஒரு குழாய். வாளிக் கக்கூஸ். இருட்டோடு பால்மரம் சீவப் போகுமுன் பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டாக வேண்டும். நெருக்கமும் சுத்தமில்லாத நீரும்தான் இந்தக் கிருமி பரவும் வழி என்று மருத்துவம் சொல்கிறது.

“நீங்க இல்ல பாட்டி, தோட்டம் குடுத்தது” என்றேன்.

“தோட்டம் இன்னும் என்னென்ன குடுத்திருக்கோ” என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பாட்டியும் அம்மாவும் இரண்டு வார மாத்திரையை ஒன்றாகவே சாப்பிட்டு முடித்தார்கள். பி12 ஊசிக்குப் பிறகு பாட்டியின் தடுமாற்றம் குறைந்திருக்கிறது. பாதத்தில் உணர்வு முழுதாகத் திரும்பவில்லை. தைவானின் மாட்சு தீவுகளில் 2004 முதல் ஊரையே பரிசோதித்து மருந்து கொடுத்தார்கள். அங்கே இரைப்பைப் புற்றுநோய் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது.

உங்கள் வீட்டிலும் லயத்தில் பிறந்த ஒருவர் இருக்கலாம். அவர் “வயசாச்சு” என்று சொல்லும்போது பி12 எவ்வளவு இருக்கிறது என்று ஒருதடவை பார்த்துவிடுங்கள்.