'செத்த போர்ட்' என்று சொன்னது

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

தொண்ணூறுகளில் கேம் கடைக்குப் போனவர்களிடம் 'முஸ்தபா கேம்' என்றாலே போதும், முகம் மலரும். அதன் சரியான பெயர் 'கெடிலாக்ஸ் அண்ட் டைனசோர்ஸ்'. ஜப்பானின் கெப்கொம் நிறுவனம் 1993இல் வெளியிட்டது. தெரிவு செய்யக்கூடிய நான்கு பேரில் ஒருவர் முஸ்தபா. எங்கட ஆட்கள் அவரைத்தான் முதலில் பிடிப்பார்கள். பெயரும் அப்படியே நின்றுவிட்டது.

எங்கட சாச்சா அந்தக் காலத்தில் சின்னதாக ஒரு கேம் கடை வைத்திருந்தவர். கடையை மூடும்போது பெட்டிகளை விற்றுவிட்டார். இந்த ஒரு போர்டை மட்டும் பழைய சாரத்தில் சுற்றி அலுமாரிக்குள் வைத்திருந்தார். இப்போது அவருக்கு ஒரு பக்கம் வராது. போன மாதம் பார்க்கப் போனபோது, "அது இன்னும் வேலை செய்யுமா?" என்று கேட்டார். அவர் எங்களிடம் எதுவும் கேட்கிறவர் இல்லை.

திருத்தும் இடத்தில் கொடுத்தோம். "பற்றரி இறங்கியிருக்கும். இறங்கினா இந்தச் சாதி போர்ட் செத்ததுதான், சும்மா காசக் கொட்டாதீங்க" என்று திருப்பித் தந்தார்கள். அந்தக் கதையில் உண்மை இருக்கிறது. இந்த விளையாட்டின் அசல் போர்டில் ஒரு பற்றரி இருக்கும். பற்றரி இறங்கினால் உள்ளே சேமித்து வைத்திருக்கும் இரகசியச் சாவி அழிந்துபோகும். கள்ளக் கொப்பி அடிப்பதைத் தடுக்கச் செய்த ஏற்பாடு அது.

ஆனால் எங்கள் போர்டில் பற்றரியே இல்லை. அது வைக்க இடமும் இல்லை. அது அசல் இல்லை, கொப்பி போர்ட். போர்டைப் பிரட்டிப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும்.

பிறகுதான் வீட்டு மேசையில் வைத்துத் தொடங்கினோம். நாங்கள் என்றால் நானா, தம்பி, ராத்தாட மகன். ராத்தாட மகன் போன முறை ஓ.எல்.லில் கணிதம் தவறியவன். "படிப்பு ஏறாது, கடைக்கு அனுப்புவம்" என்று வீட்டில் ஏறத்தாழ முடிவாகிவிட்டது.

கரண்ட் கொடுத்தால் திரையில் ஒரு கணம் தாறுமாறான எழுத்துகள் வரும். பிறகு கறுப்பு. திரும்பவும் எழுத்துகள், திரும்பவும் கறுப்பு. தொடங்குகிறது, தடுக்கி விழுகிறது, எழும்புகிறது. செத்த போர்ட் எழும்பாதே!

இந்தப் போர்டுகளை இணைக்க எண்பதுகளின் நடுவில் ஜப்பானில் ஒரு பொதுமுறை வந்தது. 'ஜம்மா' என்பார்கள். போர்டின் ஓரத்தில் பக்கத்துக்கு 28 படி 56 செம்புத் தொடுகைகள் இருக்கும். அதில் ஐந்து வோல்ட்டுக்கு நான்கு, கிரவுண்ட்டுக்கு எட்டு, மற்றவை படத்துக்கும் சத்தத்துக்கும் கைப்பிடிகளுக்கும். இரண்டு பேருக்குத்தான் அதில் இடம். மூன்றாவது ஆள் விளையாட வேறு இணைப்பு வேண்டும்.

தம்பி பவர் சப்ளையில் மீற்றரை வைத்தான். 5.02. "கரண்ட் சரி, அப்ப சிப்தான் போயிருக்கு" என்றான். ராத்தாட மகன் மீற்றரை வாங்கி, போர்டின் மேலேயே ஒரு சிப்பின் காலில் வைத்தான்.

"மாமா, இங்க 4.61தான் காட்டுது."

இந்தக் காலத்துச் சிப்புகளில் பெரும்பாலானவை 4.75க்கும் 5.25க்கும் இடையில்தான் ஒழுங்காக வேலை செய்யும். சப்ளையில் இருந்து புறப்பட்டது முழுதாகப் போய்ச் சேரவில்லை. போர்டோடு வந்த பழைய இணைப்பில் ஐந்து வோல்ட்டுக்கு நூல் மாதிரி ஒரே ஒரு வயர், கிரவுண்ட்டுக்கும் ஒன்று. தொடுகைகளில் வருடக்கணக்கான களிம்பு.

சப்ளையில் உள்ள திருகைத் திருப்பிக் கூட்டிவிடலாம் என்றான் தம்பி. அது வேண்டாம் என்றோம். பிறகு களிம்பு விலகித் தொடுகை நன்றாகப் பட்டால் கூட்டிய வோல்ட் முழுதும் சிப்பில் ஏறிவிடும்.

அப்போது ராத்தாட மகன் காட்போட் மட்டையில் கணக்குப் போட்டான். போர்ட் இழுக்கிற மின்னோட்டம் 3 அம்பியர். வழியில் தொலைகிறது 0.41 வோல்ட். 0.41ஐ மூன்றால் பிரித்தால் வயரின் தடை ஏறத்தாழ 0.137 ஓம். நான்கு நான்கு வயராகப் போட்டால் தடை காலாகும், தொலைவதும் 0.10 ஆகும். "அப்ப 4.92 வரணும் மாமா."

அழிறப்பரால் தொடுகைகளை உரசி, ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்தோம். தடித்த வயர் நான்கு நான்காக ஈயம் வைத்தோம். மீற்றரில் 4.94.

ஓமின் விதியை நாங்கள் வகுப்பில் எத்தனை முறை எழுதிப் போட்டிருப்போம்! ஒரு பிள்ளை அதை வைத்து நடக்கப்போவதை முன்கூட்டிச் சொல்லி, அது நடந்ததைக் கண்டது இதுதான் முதல் தடவை.

இப்போது போர்ட் விழாமல் நின்றது. ஆனால் படம் கீழிருந்து மேலாக உருண்டது. போர்ட் ஒரு செக்கனுக்குக் கிட்டத்தட்ட 15,700 கோடுகள் அனுப்புகிறது. கணினித் திரைக்கு 31,000க்கு மேல் வேண்டும். இடையில் ஒரு மாற்றி வைத்திருந்தோம். அதில் கிடைக்கோட்டுக்கும் நிலைக்கோட்டுக்கும் இரண்டு ஒத்திசைவு வயர்கள் கேட்கும். ஜம்மா இரண்டையும் கலந்து ஒன்றாகத்தான் தரும். அந்த ஒன்றை உரிய இடத்தில் மாட்டியதும் படம் நின்றது.

மிஞ்சியது ஒன்று. பின்னணி அழகாக வந்தது, ஆட்கள் மட்டும் கோடு கோடாக வந்தார்கள். அப்படியென்றால் மூளைச் சிப் சரி, ஆட்களின் படம் இருக்கிற ரொம் சிப்புகளில் ஒன்றுதான் ஒழுங்காகப் படவில்லை. ஒவ்வொன்றாகக் கழற்றி, காலைத் துடைத்து, வெட்டு இருக்கிற பக்கம் பார்த்துத் திரும்ப அழுத்தினோம். மூன்றாவது சிப்போடு முஸ்தபா முழுசாக எழும்பினார். ஒரு சிப்பும் மாற்றவில்லை.

(வீட்டில் முயற்சி செய்கிறவர்களுக்கு: பழைய பெட்டி டீவியின் பின்பக்கத்தைத் திறக்க வேண்டாம். உள்ளே 20,000 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், பிளக்கைக் கழற்றிய பிறகும் தங்கி நிற்கும்.)

வெள்ளிக்கிழமை சாச்சாட வீட்டுக்குக் கொண்டுபோனோம். வராத கை மடியில் இருக்க, மற்றக் கையால் பட்டனை மட்டும் அடித்தார். ராத்தாட மகன் பக்கத்துக் கதிரையில் இருந்து அவருக்காகக் கைப்பிடியை ஆட்டினான். முதலாம் கட்டத்தைத் தாண்டினார்கள். "வயர ஆரு போட்டது?" என்று சாச்சா கேட்டார். சொன்னோம். அவர் ராத்தாவைக் கூப்பிட்டு, "இவன கடைக்கு அனுப்பாத" என்றார்.

ராத்தா இன்னும் பதில் சொல்லவில்லை. மச்சான் வெளிநாட்டில் இருந்து கோல் எடுத்த பிறகுதான் முடிவு. கணிதத்தைத் திரும்ப எழுத வைப்பதா, தொழிற்பயிற்சியில் சேர்ப்பதா, இரண்டையும் சேர்த்துச் செய்வதா என்று பேசிக்கொண்டிருக்கிறோம். பாடத்தை நாங்கள் பின்னேரம் சொல்லிக் கொடுப்போம், அது பிரச்சினை இல்லை.

உங்களில் யாராவது இலத்திரனியல் என்.வி.கியூ. படித்தவர்கள், பிள்ளையைப் படிக்க வைத்தவர்கள் இருந்தால் கொமென்ட்டில் சொல்லுங்கள். எங்கே படித்தீர்கள், எத்தனை மாதம், முடித்த பிறகு வேலை எப்படி என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். ராத்தாவும் இந்தப் பதிவை வாசிப்பா.