உம்மாவின் தோடு

உயர்தரப் பரீட்சைக்கு மூன்று மாதங்களே இருந்தன. நானா பாவித்துத் தந்த மடிக்கணினி அடிக்கடி அசையாமல் நின்றது. அதன் நினைவகம் 4 ஜிபிதான். "புதுசு வாங்குவம் மகள்" என்று சொல்லி, உம்மா காதுத்தோட்டைத் தொட்டுப் பார்த்தார். எனக்கு நெஞ்சு கனத்தது.

அன்றிரவு குரோமில் ஷிஃப்ட், எஸ்கேப் விசைகளைச் சேர்த்து அழுத்தினேன். எந்தப் பக்கம் எவ்வளவு நினைவகத்தை எடுக்கிறது என்ற பட்டியல் வந்தது. 2008இல் வெளிவந்தது முதலே குரோம் திறந்த பக்கங்களைப் பெரும்பாலும் தனித்தனியாக இயக்குகிறது. ஒன்று பழுதானாலும் மற்றவை தப்பும். ஆனால் ஒவ்வொன்றும் நினைவகத்தில் தன் பங்கைக் கேட்கும். நான் திறந்து வைத்திருந்தவை 34! கடந்தகால வினாத்தாள்கள், பாடக் காணொளிகள், பிறகு பார்ப்போம் என்று விட்டவை.

வேண்டியவற்றை புக்மார்க் செய்துவிட்டு மூடினேன். எப்போதோ சேர்த்து மறந்த எக்ஸ்டென்ஷன்களை நீக்கினேன். அமைப்புகளில் 'மெமரி சேவர்' வசதியை இயக்கினேன். பார்க்காமல் கிடக்கும் பக்கங்களை அது உறங்க வைக்கும். தொட்டால் மீண்டும் வரும்.

காலையில் கணினி தடங்கலின்றி ஓடியது. துறைமுக வேலைக்குக் கிளம்பிய வாப்பா எட்டிப் பார்த்துச் சிரித்தார்: "இறக்கின சாமானை அகற்றாட்டி அடுத்த கப்பலுக்கு இடமேது?"

இப்போது உம்மாவின் கை தோட்டுக்குப் போவதில்லை.