கீழே தேடாதேங்கோ, சுவாமி



என் கார் 2004ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஜேர்மனியின் பல நகரங்களில் சிதறி வாழும் நம் மக்களிடம் திருப்பலிக்காக என்னை ஏற்றிச் செல்லும் அது, கடந்த ஓராண்டாக நின்ற இடமெல்லாம் ஓர் எண்ணெய்ப் பொட்டை விட்டுவந்தது. நானோ மாதந்தோறும் அரை லீற்றர் எண்ணெய் ஊற்றிச் சமாளித்தேன்.

ஜூலையில் வாகனப் பரிசோதனை வந்தது. சொட்டும் எண்ணெய் மண்ணையும் நீரையும் கெடுக்கும் என்பதால் முத்திரை மறுக்கப்பட்டது. ஒரு மாதத்துக்குள் திருத்தி மீண்டும் காட்ட வேண்டும். ஆகஸ்டில் கெவலார் யாத்திரையும் இருந்தது. பணிமனை ஒன்றில், எஞ்சினின் அடித்தட்டைக் கழற்ற வேண்டுமென்று காரின் பெறுமதிக்கும் மேலான தொகையைக் கூறினார்கள்.

அந்த வாரம் முதியவர் ஒருவரைச் சந்திக்கச் சென்றேன். மனைவியை இழந்தபின் அவர் கோயிலுக்கு வருவதில்லை, எவரோடும் பேசுவதுமில்லை. அன்றும் தேநீர் ஆறியதே தவிரப் பேச்சு எழவில்லை. விடைபெறும்போது அவர் வாசற்கல்லில் என் காரின் கறையைக் கண்டு, வெட்கத்தோடு மன்னிப்புக் கேட்டேன்.

"நீங்கள் வந்து நிண்டபோதே கருகல் மணம் மணந்தது. சூடான புகைக்குழாயிலை எண்ணெய் விழுகுது. கீழே தேடாதேங்கோ, சுவாமி. மேலே பாருங்கோ."

யாழ்ப்பாணத்தில் அவர் சொந்தமாகக் கராஜ் வைத்திருந்தார் என்பதை அன்றுதான் அறிந்தேன். இங்கு வந்தபின் 25 ஆண்டுகள் உணவகச் சமையலறைகளில் பாத்திரம் கழுவியவர். பத்து ஆண்டுப் பழக்கத்தில் நான் ஒருநாளும் அவரது தொழிலைக் கேட்டதில்லை.

சனிக்கிழமை, எஞ்சின் குளிர்ந்திருக்கையில், பழைய எண்ணெயையெல்லாம் துடைத்தோம். அழுக்கின்மேல் கசிவைக் கண்டுபிடிக்க ஏலாது என்றார். 30 கிலோமீற்றர் ஓடிவந்து கைவிளக்கால் பார்த்தபோது, டப்பட் கவரின் பின்மூலையில் புதிய எண்ணெய் மின்னியது. அதுவே எஞ்சினின் பின்பக்கமாக வழிந்து, அடித்தட்டில் ஊறியதுபோலத் தோன்றியிருக்கிறது.

கவரைக் கழற்றினோம். ரப்பர் காஸ்கெட் நகம் பதியாதவாறு இறுகிப்போயிருந்தது. பள்ளத்தைச் சுத்தமாக்கிப் புதியதைப் பொருத்தி, ஆணிகளை நடுவிலிருந்து வெளிப்புறமாகச் சிறிது சிறிதாக இறுக்கினார். நான் மேலும் இறுக்கப்போனேன். என் கையைப் பிடித்துவிட்டார். "பலம் காட்டினால் மூடி வளைஞ்சுபோகும், சுவாமி. பிறகும் ஒழுகும்."

பின்னர் எஞ்சினின் சிறிய காற்றோட்ட வால்வைக் கழற்றிக் குலுக்கினார். உள்ளே ஓசை எழவில்லை, அடைபட்டிருந்தது. "உள்ளே மூச்சு முட்டினால் எண்ணெயை வெளியே தள்ளத்தானே செய்யும்," என்றார். அதையும் மாற்றினோம். எல்லாவற்றுக்கும் 50 யூரோ ஆகவில்லை.

அந்த நான்கு மணிநேரமும் அவர் பேசிக்கொண்டேயிருந்தார். கராஜின் தகரக்கூரை, அவர் முதலில் பிரித்துப் பூட்டிய எஞ்சின், மாலையில் தேநீரோடு வரும் மனைவி. அவருடைய பெயரை உச்சரித்தபோது கையிலிருந்த துணியை நெடுநேரம் மடித்துக்கொண்டிருந்தார். நான் எதுவும் சொல்லவில்லை.

மறுபரிசோதனையில் முத்திரை கிடைத்தது. கெவலாருக்கு என் பக்கத்து இருக்கையில் அவரே வந்தார். வழியெல்லாம் எஞ்சினின் ஓசையைக் கேட்டபடி இருந்தார்.

உறவுகளே, உங்கள் கார் எண்ணெய் சிந்தினால், ஊற்றுவதற்கு முன் துடைத்துவிட்டு மேலே பாருங்கள். உங்கள் அயலில் பேசாதிருக்கும் முதியவர் எவரேனும் இருந்தால், ஊரில் அவர் என்ன தொழில் செய்தார் என்று ஒருமுறை கேளுங்கள்.