கில்பெகனில் ஒரு பகல்

விஸ்கி காய்ச்சும் ஆலையில் குடும்பப் பத்திரிகைக்காரனுக்கு என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். காப்பிக்கு மேல் வேறெதையும் அருந்திப் பழகாத என்னை அங்கே இழுத்துச் சென்றது மது அல்ல. அந்த ஆலைக்கும் அதன் ஊருக்கும் இடையே உள்ள உறவு.

ஊரின் பெயர் கில்பெகன். அயர்லாந்தின் தலைநகரான டப்ளினுக்கு மேற்கே சுமார் 90 கிலோமீட்டர் தூரம். நாங்கள் நான்கு பேர் சேர்ந்து, தனியாக ஒரு மோட்டார் அமர்த்திக் கொண்டோம். இதில் மூன்று லாபம். நினைத்த இடத்தில் இறங்கலாம். நினைத்த நேரம் வரை நிற்கலாம். ருசி பார்க்கிற நண்பர்கள் யாரும் திரும்பும்போது வண்டி ஓட்ட வேண்டியதில்லை!

வழி நெடுக ஒரே பச்சை. சிறிது நேரம் வெயில். சிறிது நேரம் தூறல். புல்வெளியில் மாடுகள் இரண்டையும் சட்டை செய்யாமல் மேய்ந்து கொண்டிருந்தன. ஒன்றரை மணி நேரத்துக்குள் பிராஸ்னா என்ற சிற்றாற்றின் கரைக்கு வந்து சேர்ந்தோம். உயர்ந்த புகைபோக்கி, கல் கட்டிடங்கள், ஆற்று நீரில் சுழலும் பெரிய மரச்சக்கரம். இந்த ஆலை 1757-ல் லைசென்ஸ் பெற்றது.

உள்ளே நுழைந்ததும் மூக்குக்குத்தான் முதல் விருந்து. ஊறிய தானியமும் பழைய மரமும் கலந்த ஒரு வாசனை! பார்லியை முளைகட்டி, உலர்த்தி, அரைத்து, வெந்நீரில் கலக்கி, இனிப்புச் சாற்றை இறக்குகிறார்கள். அதைப் புளிக்க வைத்துச் செப்புப் பாண்டத்தில் காய்ச்சி, எழும் ஆவியைக் குளிரச் செய்கிறார்கள். அங்கே உள்ள ஒரு செப்புப் பாண்டம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. பக்கத்து ஊரான டல்லமோரிலிருந்து வந்தது.

புதிதாக இறங்கும் சரக்கு பச்சைத் தண்ணீர் போலத்தான் இருக்கும். பொன்னிறம் தருவது ஓக் மரப் பீப்பாய். அந்நாட்டுச் சட்டப்படி குறைந்தது 3 ஆண்டுகள் மரப் பீப்பாயில் உறங்கினால்தான் அதற்கு ஐரிஷ் விஸ்கி என்ற பெயர். அப்படி உறங்கும்போது ஆண்டுக்கு நூற்றுக்கு இரண்டு பங்கு காற்றோடு போய்விடுமாம். அதற்குத் 'தேவதைகளின் பங்கு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தேவதைகளிடம் யாரும் வரி கேட்பதில்லை போலும்!

இனி, நான் தேடிப் போன விஷயத்துக்கு வருகிறேன்.

1843 முதல் இந்த ஆலையை நடத்தியவர் ஜான் லாக். 1866-ல் ஆலையின் பாய்லர் பழுதாகி நின்றுவிட்டது. புதிது வாங்கப் பணம் இல்லை. முதலாளி திகைத்து நின்றபோது, ஊர் ஜனங்கள் தங்களுக்குள் பணம் திரட்டிப் புதிய பாய்லர் வாங்கி அவருக்குப் பரிசாகவே கொடுத்துவிட்டார்கள்! 1878-ல் ஆலையில் தீப்பிடித்தது. அப்போதும் ஊரார் கிடங்கின் கதவை உடைத்து, ஆயிரக்கணக்கான பீப்பாய்களைத் தெருவில் உருட்டிக் காப்பாற்றினார்கள் என்று சொல்கிறார்கள்.

ஏன் இத்தனை பரிவு? 1880-களில் இங்கு வந்து பார்த்த ஆல்ஃபிரட் பர்னார்ட் என்ற ஆங்கிலேயர் அதற்கு விடை எழுதி வைத்திருக்கிறார். சுமார் 70 பேர் வேலை செய்தார்கள்; வயதானவர்களுக்கு ஓய்வூதியமோ வேறு உதவியோ கிடைத்தது. ஆலை ஊரைப் பார்த்துக் கொண்டது. ஊர் ஆலையைப் பார்த்துக் கொண்டது.

இந்தக் கதைக்கு மறுபக்கமும் உண்டு. குடியால் குலைந்த வீடுகள் அயர்லாந்தில் கொஞ்சமல்ல. 1838-ல் கார்க் நகரத்தில் மாத்யூ பாதிரியார் மதுவிலக்கு இயக்கத்தைத் தொடங்கியபோது, லட்சக்கணக்கானவர்கள் குடிப்பதில்லை என்று சத்தியம் செய்தார்கள். ஒருவருக்குச் சோறு போட்ட தொழிலே இன்னொருவர் வீட்டு அடுப்பை அணைத்தது என்பதை மறைப்பதற்கில்லை.

இருபதாம் நூற்றாண்டு ஐரிஷ் விஸ்கிக்குக் கெட்ட காலம். 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு. போதாததற்கு ஸ்காட்லாந்தின் போட்டி. ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. கில்பெகனும் 1950-களில் அடங்கிவிட்டது. பிறகு செப்புப் பாண்டங்களைக்கூடக் கழற்றிப் பழைய உலோகமாக விற்றுவிட்டார்கள். ஆனால் ஒரு சொட்டும் காய்ச்சாத அத்தனை ஆண்டுகளிலும் லைசென்ஸுக்குரிய கட்டணம் மட்டும் தவறாமல் கட்டப்பட்டு வந்ததாம்!

1982-ல் ஊரார் மறுபடியும் கூடினார்கள். சங்கம் அமைத்து, உள்ளூரிலேயே பணம் திரட்டி, பாழடைந்த கட்டிடங்களைச் செப்பனிட்டுக் காட்சிசாலையாகத் திறந்தார்கள். பின்னர் கூலி என்ற விஸ்கிக் கம்பெனி அதை ஏற்றது. 2007-ல், ஆலையின் 250-ஆவது ஆண்டில், மீண்டும் அடுப்பு மூட்டினார்கள். ஆலையை நடத்திய மக்மானஸ், காட், லாக் ஆகிய மூன்று குடும்பங்களின் வாரிசுகளும் அன்று வந்து நின்று பார்த்தார்கள்.

பாய்லர் வாங்கிக் கொடுத்தவர்களின் வாரிசுகளை வெளியூரிலிருந்து அழைக்க வேண்டிய அவசியமே இருந்திராது. அவர்கள்தான் அங்கேயே இருந்தார்களே!